மூன்றாவது மோட்டர்

இந்த மோட்டரை எரியவிடுவதில்லை என்று அபூதாஹிர் சபதம் செய்திருந்தார். சபதத்தின் சூடு ஆறவில்லை. தூசு இழுக்கிற மெசின் ஒரு தரம் இருமியது, கறுத்த புகை விட்டது, அடங்கிப் போனது.

"எரிஞ்சிட்டா?" குசினிக்குள்ளிருந்து மனைவி றுக்கியா கேட்டாள்.

"ஓம்."

"பாவம். ரெண்டாவதும் போச்சு."

வீடு றுக்கியாவின் சீதனம். கதிரை, அலுமாரி, கிணறு, கிணற்றடித் தேசிமரம், எல்லாம் அவளுடையவை. பெண்ணுக்கு வீடு, மாப்பிள்ளைக்கு அந்த வீட்டில் இருக்க ஒரு மூலை, அதுதான் அந்தப் பக்கத்து வழமை. மகன்மார் இருவரும் அதே வழமைப்படி கிண்ணியாவுக்கும் மூதூருக்கும் மாப்பிள்ளையாகப் போய்விட்டார்கள். அபூதாஹிருக்கென்று மிஞ்சியது மெசின் ஒன்றுதான். வெள்ளைக்காரன் கடற்படைத் தளத்தை விட்டுப் போனபோது ஏலத்தில் எடுத்தது. சீமெந்துத் தரையில் அதற்குப் பெரிய வேலையில்லை. ஆனால் அது இரைந்து கிளம்பினால், துறைமுகத்துக்கு எந்தக் கப்பல் வந்திருக்கிறது என்று தெருவில் விசாரிப்பார்கள்.

இறக்குமதிக்குக் கதவு சாத்தியிருந்த காலம். புது மோட்டருக்கு எங்கே போவது? பழைய இரும்புக் கடை யோகலிங்கம் குவியலுக்குள் தோள்வரை கையை விட்டு ஒன்றை இழுத்தெடுத்தார்.

"கப்பல் காத்தாடியில இருந்தது, நானா. உங்கட பேரப்பிள்ளையள் காலத்திலயும் ஓடும்."

அன்று பின்னேரம் அபூதாஹிர் குசினி வாசலில் சாக்கை விரித்து, எரிந்த மோட்டரைக் கழற்றினார். கருகிய கம்பி மணத்தது. றுக்கியா பக்கத்தில் குந்தி ஒரு தேங்காய்ச் சிரட்டையை நீட்டினாள். ஸ்குரூக்கள் ஒவ்வொன்றாக அதற்குள் விழ, கதையும் விழுந்தது.

"மூத்தவன் மெலிஞ்சிட்டான்."

"யார் சொன்ன?"

"பெத்தவளுக்கு யார் சொல்லோணும்?"

"போன கிழமை கண்டனான். சட்டைப் பொத்தான் பூட்டுப்படுதில்ல."

"அது சட்டை சுருங்கினது!"

அபூதாஹிர் சிரித்ததில் கையிலிருந்த ஸ்குரூ உருண்டு அடுப்படிக்குப் போனது. இரண்டு பேரும் தவழ்ந்து தேடினார்கள்.

புது மோட்டரின் அச்சு நீளம். அராவ வேண்டும். ஒரு பின்னேரத்து வேலையை அவர் ஒரு கிழமைக்கு இழுத்தார். பூட்டின ஸ்குரூவைத் திரும்பக் கழற்றினார். றுக்கியா கவனிக்கவில்லை என்று நம்பினார்.

கடைசியில் இழுக்க ஒன்றும் மிஞ்சவில்லை. பிளக்கைப் போட்டார். மெசின் கர்ஜித்தது.

வேலிப் படலையில் றுக்கியாவின் தங்கச்சி மைமூனாவின் தலை தெரிந்தது. "ராத்தா, மெசின் கதைக்கத் தொடங்கிட்டு. இனி உங்கட கதை அங்க எடுபடாது, வாங்க!"

றுக்கியா முக்காட்டை இழுத்துக்கொண்டு போய்விட்டாள்.

பிறகு எல்லாம் பழையபடி. பின்னேரமானால் அவள் தங்கச்சி வீட்டில். இவர் தனியே. வேலிக்கு அந்தப் பக்கம் சிரிப்புக் கேட்கும். எதற்குச் சிரிக்கிறார்கள் என்று தெரியாது. அது தாங்க ஏலாமல் மெசினைப் போடுவார். மண் கொண்டுவர ஒரு பிள்ளையின் காலும் இல்லாத தரை. அதையே திரும்பத் திரும்பத் துப்புரவாக்குவார். துறைமுகத்தில் விளக்குகள் ஏறும். ஊற்றி வைத்த தேத்தண்ணி ஆறிப்போகும்.

ஒரு பின்னேரம் அவர் மூளையில் வெளிச்சம் விழுந்தது. மெசின் கெட்டால்தானே றுக்கியா சிரட்டையோடு வந்து குந்துவாள்? குழாயைத் துணியால் அடைத்தால் மெசினுக்கு மூச்சு முட்டும். மோட்டர் சூடேறித் தானாகக் கருகும். யார்மேலும் பழி வராது.

இடுப்பில் கட்டும் பழைய சாரத்தில் ஒரு துண்டைக் கிழித்தார். கள்ளனைப்போல இரண்டு பக்கமும் பார்த்தார். குழாயைக் கழற்றி விரலை உள்ளே விட்டார்.

உள்ளே மெத்தென்று ஏதோ இருந்தது. இழுத்தார். ஊதா நிறம். வந்துகொண்டேயிருந்தது. றுக்கியா ஒரு பெருநாளுக்குக் கட்டிய சேலை.

படலை கிறீச்சிட்டது. றுக்கியா நின்றாள்.

"என்ன புள்ள இது?"

"என்ட சேலைத் துண்டு."

"எப்ப இருந்து?"

"மொத மோட்டரில இருந்து."

"நான் மோட்டரையெல்லோ ஏசினன்!"

"ஏசினீங்கதான். பக்கத்தில இருந்து கேட்டனான்."

அபூதாஹிர் தன் சாரத் துண்டை முதுகுக்குப் பின்னால் ஒளித்தார்.

"ஒளிக்காதீங்க. அந்தச் சாரம் ஓட்டை, காத்துப் போகும். என்ட துண்டையே வச்சிட்டு பிளக்கைப் போடுங்க. நான் சிரட்டையை எடுத்துக்கிட்டு வாறன்."