சோற்றுப் பருக்கையும் கடித ரகசியமும்

சோலைராஜ் தன் வாழ்க்கையில் எடுத்த தீர்மானங்களிலேயே இதுதான் பெரியது. ஒரு மனிதனின் கடிதத்தை அவனுக்கு முன்னால் இன்னொருவர் படிப்பதா? விடக்கூடாது.

ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையில் அவர் மேஸ்திரி. பெண் பார்க்கப் போனபோது, பெண் பத்தாவது தேறியவள் என்று கேள்விப்பட்டு, தானும் பத்தாவது பாஸ் என்று சொல்லி வைத்தார். அந்தப் பொய்க்குப் பதினெட்டு வயதாகிவிட்டது. எண்பத்தேழில் சூப்பர்வைசர் வேலைக்கு மில்லில் சர்டிபிகேட் கேட்கவும், பத்தாவதில் தோற்றுப்போன இங்கிலீஷை ரகசியமாக எழுதினார். பரீட்சை ஸ்ரீவில்லிபுத்தூரில். இரண்டு தாளுக்கு, மம்சாபுரத்தில் இரண்டு சாவு, துட்டிக்குப் போகிறேன் என்று வீட்டில் சொல்லி, பிறக்காத இரண்டு பேரைச் சாகடித்தார்.

முடிவு தபாலில் வந்தது. அவர் ஷிப்டில் இருந்தபோது வந்ததை மனைவி தங்கபாய் வாங்கி வைத்து, சாயங்காலம் ஒன்றும் கேட்காமல் நீட்டினாள். உறையின் வாய் சுருங்கி, யாரோ பிரித்துத் திரும்ப ஒட்டியதுபோல் இருந்தது. வாயைத் தொடாமல் ஓரத்தில் கிழித்துப் பார்த்தார். தாளை நாலாக மடித்து ஒளித்து வைத்தார். இது ஊருக்குத் தெரிந்து, தங்கபாய் காதுக்கும் போய்விட்டால்? சந்தேகம் தபால்காரர் ஆண்டிச்சாமி மேல் விழுந்தது. மனைவி மேல் விழவேயில்லை. ஒன்றுமே கேட்காதவளை எப்படிச் சந்தேகிப்பது? ஆண்டிச்சாமியின் வாயை அடைக்கப் புகார்தான் வழி என்று முடிவு செய்தார்.

உள்ளூர் தபாலாபீசில் மனு கொடுத்தார். முப்பது நாள் பொறுக்கச் சொன்னார்கள். பொறுத்தார். பதில் போதாதென்றால் மேலே போகலாம் என்றார்கள். போனார். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து புகாருக்கு ஒரு நம்பர் வந்தது. அந்த நம்பரை மனப்பாடம் செய்த அக்கறையோடு இங்கிலீஷைப் படித்திருந்தால் பாஸாகியிருப்பார்.

விசாரணைக்கு இன்ஸ்பெக்டர் ஜமால் முகமது வீட்டுக்கே வந்தார். பின்னால் ஆண்டிச்சாமி. ரிட்டையராக இரண்டே வருஷம் இருந்த அந்த மனுஷர் உட்காரக்கூட இல்லை.

“உள்ள என்ன இருந்துச்சு?” என்று இன்ஸ்பெக்டர் பேனாவைத் திறந்தார்.

“அது ரகசியம் சார்.”

“ரகசியத்தச் சொன்னாத்தான, அது போச்சா இருக்கான்னு பாக்க முடியும்.”

சோலைராஜ் உறையை மட்டும் நீட்டினார். இன்ஸ்பெக்டர் உறையை வெளிச்சத்தில் பிடித்து, ஒட்டிய இடத்தை நகத்தால் சுரண்டினார். காய்ந்த சோற்றுப் பருக்கை ஒன்று உதிர்ந்தது. குற்றம் நிரூபணமானால் ஆண்டிச்சாமிக்கு வேலை போகும், பென்ஷனும் சந்தேகம்தான் என்றார். ஆண்டிச்சாமி தபால் பையை மார்போடு அணைத்துக்கொண்டார். அதைப் பார்க்கச் சோலைராஜுக்கே கஷ்டமாக இருந்தது.

காபி கொண்டுவந்த தங்கபாய் டம்ளர்களைக் கீழே வைத்தாள்.

“அண்ணன் மேல தப்பில்ல சார். பிரிச்சது நாந்தான். உள்ள மார்க் சீட்டு. இங்கிலீஷ்ல இருபத்தெட்டு.”

சோலைராஜுக்குக் காது சுட்டது.

“தெரிஞ்சாப்புல காட்டிக்கிட்டா அவியளுக்குச் சங்கடமா இருக்கும்னு சோத்த வச்சு ஒட்டிட்டேன். மம்சாபுரத்துல செத்த ரெண்டு பேருக்கும் பதினாறு எப்பன்னுகூட நான் கேக்கல.”

இன்ஸ்பெக்டர் பேனாவை மூடினார். கடிதம் வீட்டுக்குள் வந்த பிறகு நடப்பதற்கு இலாகா பொறுப்பில்லை என்றார். முறைப்படி, பிரித்தவரிடம்தான் முதல் மனு கொடுக்க வேண்டுமாம். முப்பது நாளில் பதில் வராவிட்டால் மேலே பார்க்கலாமாம். சோலைராஜ் எழுந்து ஆண்டிச்சாமியின் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டார்.

“மனுவ வாங்கிக்கிடுதேன்” என்றாள் தங்கபாய். “ஆனா இங்கிலீஷ்ல இருக்கணும். அடுத்த பரீட்சைக்கும் ஆச்சு.”

அன்று சாயங்காலம் சோலைராஜ் வெள்ளைத்தாளை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். ‘ரெஸ்பெக்டட் மேடம்’ என்று தொடங்க வேண்டும். ரெஸ்பெக்டடுக்கு எத்தனை எஸ் என்பதை அந்த மேடத்திடமே கேட்டு எழுதினார்.