பரணில் ஆந்தை, கூடத்தில் சம்பந்தி

பெண் பார்க்க வருகிறவர்கள் முன்னால் வீட்டு மருமகள் வாயைத் திறக்காமல் இருப்பது எல்லோருக்கும் நல்லது. விலங்கியல் படித்த மருமகள் என்றால், அன்றைக்கு அவளைப் பக்கத்து வீட்டுக்கே அனுப்பிவிடலாம். எழுபதுகளின் கடைசியில், திருத்தணியில் நான் வாழ்க்கைப்பட்ட வீட்டில் இது யாருக்கும் தோன்றவில்லை.

மாமனார் வீட்டில் கூடத்திலேயே தறி. தறியில் நீளவாக்கில் ஏற்றும் பாவு நூலுக்குக் கஞ்சி போடுவார்கள்; அது எலிகளுக்குக் கல்யாணச் சாப்பாடு. அவை கடித்துப்போட்ட நூலை மறுநாள் முழுக்க முடிந்துகொண்டிருப்பார் மாமா. நான் வாழவந்த வருடம் பரணில் ஒரு ஆந்தை ஜோடி குடியேறியது. விரட்டக் கம்பெடுத்த அத்தைக்கு நான் ஒரு வகுப்பே எடுத்தேன்: ஒவ்வொரு உயிருக்கும் உலகத்தில் ஒரு வேலை இருக்கிறது, ஒன்றைத் துரத்தினால் இன்னொன்று பெருகிவிடும். (அத்தை கேட்டது: "உனக்கு இன்னா வேலைன்னு சொன்னாங்களா?") ஆனால் எலி குறைந்தது. மாமா ஆந்தை கட்சிக்கு வந்துவிட்டார்.

அந்தச் சமயம் பார்த்துத்தான் என் நாத்தனார் வசந்தாவைப் பெண் பார்க்க அரக்கோணத்திலிருந்து வந்தார்கள். பரணிலோ குஞ்சுகள்.

"இன்னிக்கு ஒரு நாளாவது அதுங்கள எங்கனா வுட்டுட்டு வாயேம்மா," என்றார் அத்தை.

"இன்னும் றெக்கையே மொளைக்கல அத்தே. வெளிய வுட்டா காக்கா கொத்திடும்."

கடைசியில் பரணுக்குக் கீழே ஒரு பழைய வேட்டியை மறைப்பாகக் கட்டினேன். (அந்த வீட்டில் ஒழுங்காக முடிச்சுப் போடத் தெரியாத ஒரே ஆள் நான்தான்.)

மாப்பிள்ளை வீட்டார் மலைக்குப் போய் முருகனைக் கும்பிட்டுவிட்டு, நெற்றி நிறைய விபூதியோடு வந்து உட்கார்ந்தார்கள். வசந்தா காபி கொடுத்தாள். மேலே 'உஸ்ஸ்' என்று ஒரு சீறல். மாப்பிள்ளையின் அம்மா காலை மடக்கிக்கொண்டார்.

"பாம்பு சத்தம் மாதிரி கீதே."

நான் ஆறுதல் சொல்லப் போனேன். "பாம்பெல்லாம் இல்லைங்க. ஆந்தைதான்."

மாப்பிள்ளையின் அம்மா காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டார். சமாளிப்பதாக நினைத்து எலி, பாவு, இயற்கையின் சமநிலை என்று விளக்க ஆரம்பித்தேன். 'சமநிலை' என்னும்போது வேட்டி அவிழ்ந்தது. அதற்குள் சறுக்கி வந்திருந்த ஒரு குஞ்சு, பஞ்சு உருண்டை போல மாப்பிள்ளையின் அப்பா மடியில் விழுந்து, அவரை நிமிர்ந்து பார்த்தது.

மாப்பிள்ளையின் அம்மா எழுந்துவிட்டார். "சகுனமே சரியில்ல. கெளம்பலாங்க."

மாப்பிள்ளையின் அப்பா அசையவில்லை. ரயில்வே கூட்ஸ் ஷெட்டில் வேலை அவருக்கு. குஞ்சையே பார்த்துக்கொண்டு என்னிடம் கேட்டார்: "நெஜமாவே எலி புடிக்குமாம்மா?"

"ஆங், பெருசுங்க நல்லா புடிக்குதுங்க."

"எங்க ஷெட்டுல எலி மூட்டை மூட்டையா தின்னுகினு கீது. இத எனக்குக் குடுத்துடறீங்களா?"

அத்தையின் முகம் மலர்ந்தது. சம்பந்தம் முடிந்த மாதிரிதான். என் வாய் சும்மா இருந்தால்தானே?

"தர முடியாதுங்க. தாய வுட்டுப் பிரிச்சா செத்துடும்."

அத்தை என் இடுப்பில் கிள்ளிய இடம் ரொம்ப நாள் கன்றிப்போயிருந்தது. மாமா தறியைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். ஒரு நல்ல சம்பந்தத்தை ஒரு குஞ்சுக்காகக் கெடுத்தேனே என்று எனக்கு அழுகை முட்டியது. அப்போதுதான், தலை குனிந்து நிற்க வேண்டிய வசந்தா நிமிர்ந்தாள்.

"அண்ணி சொல்றது சரிதாங்க. நீங்க பொண்ண மட்டும் கேளுங்க."

முதலில் சிரித்தது மாப்பிள்ளை. பிறகு அவருடைய அப்பா. அம்மா சிரிக்கக் கல்யாணம் வரை ஆயிற்று. ஸ்டூல்மேல் ஏறிக் குஞ்சைப் பரணில் விட்டது மாப்பிள்ளைதான்.

வசந்தாவுக்கு இரண்டு பையன்கள். இன்றைக்கும் அவள் குரலை உயர்த்தினால் பெரியவன் சின்னவன் காதில் சொல்கிறான்: "தாத்தா கேட்டது ஆந்தைக் குஞ்சுடா. கெடச்சது நம்ம அம்மா."