காற்றுக்குக் காவல் இருந்த நாள்

முழுதாகப் படித்தவர்களிடம் ஒரு பொறுப்பைக் கொடுக்கலாம். ஒன்றுமே படிக்காதவர்களிடமும் தைரியமாகக் கொடுக்கலாம். பாதிப் படிப்பில் இருப்பவர்களிடம் மட்டும் கொடுக்கவே கூடாது. சிதம்பரத்தில் நான் சுற்றுச்சூழல் அறிவியல் முதுகலை படித்துக்கொண்டிருந்தபோது எங்கள் பேராசிரியர் அந்தத் தவறைச் செய்தார். ஒரு முழு நாள், பல்கலைக்கழக வளாகத்தின் காற்றை என் கையில் ஒப்படைத்தார்.

ஊரெல்லாம் மின்வெட்டில் தவித்த காலம் அது. எங்கள் மகளிர் விடுதியில் கரன்ட் இருக்கும் நேரத்தைவிட இல்லாத நேரம்தான் ஜாஸ்தி. தேர்வு வேறு நெருங்கிக்கொண்டிருந்தது. எல்லாரையும்விட அதிகம் தவித்தவள் என் அறைத்தோழி ஜெனி. கடலூர்க்காரி. அவளுக்கு ஒரு அரியர் பாக்கி. அதை இந்த முறை முடித்தால்தான், அவளைத் தேர்ந்தெடுத்திருந்த கம்பெனி வேலையில் சேர்த்துக்கொள்ளும். நாங்கள் கெஞ்சிக் கூத்தாடியதில் நிர்வாகம் மனமிரங்கி விடுதிக்கு ஒரு ஜெனரேட்டர் வாங்கிப் போட்டது. ஆனால் ஓட்ட முடியாது. மாசுக் கட்டுப்பாட்டுக்காரர்கள் முதலில் வளாகத்தின் காற்றை அளப்பார்களாம். அதில் இருக்கிற தூசியும் புகையும் அளவுக்குள் இருந்தால்தான் ஜெனரேட்டருக்கு அனுமதியாம்.

ஒரு நாள் காலையில் அங்கிருந்து ஒரு மேடம் மெஷினோடு வந்து இறங்கினார். விடுதி மொட்டை மாடியில் அதை நிறுத்தி, உள்ளே ஒரு வெள்ளைத் தாளை வைத்து முடுக்கினார். மாவு மில் போல ஒரு சத்தம். நாள் முழுக்க அது காற்றை உறிஞ்சும், தூசியெல்லாம் தாளில் படியும், சாயங்காலம் தாளை எடை போட்டால் காற்றின் யோக்கியதை தெரிந்துவிடும். நடுவில் நிறுத்தினால் சோதனை செல்லாது.

"மலர், சாயங்காலம் வரைக்கும் இந்த வளாகத்துல ஒரு தீக்குச்சி எரியக் கூடாது. நீதான் பொறுப்பு" என்றார் பேராசிரியர்.

அவர் பேச்சுக்குச் சொன்னார். நான் சட்டமாக எடுத்துக்கொண்டேன். சருகு கொளுத்திக்கொண்டிருந்த அக்காக்களைத் துரத்தினேன். இஸ்திரி போடுபவரின் கரியில் தண்ணீர் ஊற்றினேன். வாட்ச்மேன் வாயிலிருந்த பீடியைப் பிடுங்காத குறை. ஜெனி ஜெபத்துக்கு ஏற்றிய மெழுகுவர்த்தியைக்கூட ஊதி அணைத்தேன். (அவள் இயேசுவிடமே என்னைப் பற்றிப் புகார் சொன்னதாகப் பிறகு தெரிந்தது.) கடைசியாக மெஸ்ஸுக்குப் போய், விடுதிக்கே சோறு வேகும் விறகு அடுப்பை அணைக்கச் சொன்னேன்.

"யம்மா, அடுப்ப அணச்சிட்டா பொண்ணுங்க இன்னாத்தம்மா துன்னும்?" என்றார் மெஸ் மாஸ்டர்.

"ஒரு வேளை சாப்பிடலன்னா யாரும் செத்துட மாட்டாங்க!"

(இதைச் சொன்னபோது என் வயிற்றுக்குள் இட்லிகள் பத்திரமாக இருந்தன.)

மத்தியானச் சாப்பாடு ஆளுக்கு இரண்டு ரொட்டித் துண்டும் ஒரு வாழைப்பழமும்தான் என்ற செய்தி பரவியதும் விடுதி கொந்தளித்தது. மெஷினுக்குக் காவல் நின்ற என்னைத் தேடி மாடிப்படியில் ஒரு கூட்டம் ஏறி வந்தது. தலைமை, ஜெனி.

"மலரு, அடுப்ப அணைச்சது நீ. சோறு போடறதும் நீதான்."

அந்த நேரம் பார்த்து விடுதி வாசலில் வந்து நின்றார் கலியபெருமாள் மாமா. நான் கீழே இறங்கி ஓட, கூட்டமும் பின்னாலேயே வந்தது. என் அம்மாவின் தம்பி, காடாம்புலியூரில் முந்திரி வறுத்து உடைத்து விற்பவர். என் பேராசிரியருக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று அவருக்கு நெடுநாள் ஆசை. அதனால் வறுக்காத கொட்டையாகவே ஒரு மூட்டை முந்திரியைத் தூக்கிக்கொண்டு, பஸ் மாறி மாறி வந்திருந்தார்.

"வறுத்தே எடுத்தாந்திருக்கலாமே மாமா?"

"சுடச்சுடத் தின்னாத்தான் பாப்பா அது முந்திரி. ஆறிட்டா வெறும் பருப்பு." பிறகு என் பின்னால் நின்றவர்களைப் பார்த்தார். "இன்னா, புள்ளைங்க மூஞ்சியெல்லாம் வாடிக் கெடக்குது? பசியா? ஒரு தகரமும் நாலு சுள்ளியும் குடுங்க. செத்த நேரத்துல வறுத்துத் தர்றேன்."

எங்கள் பக்கத்தில் பிறந்த யாருக்கும் முந்திரிப் புகையைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. கொட்டையின் ஓட்டில் எண்ணெய் இருக்கிறது. அது பற்றிக்கொண்டால் தார் காய்ச்சுவது போல் கரும்புகை கிளம்பும். கண் எரியும், தொண்டை கமறும், உடுத்தியிருக்கும் துணியை எத்தனை முறை துவைத்தாலும் நாற்றம் போகாது. 'வேண்டாம் மாமா' என்று நான் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் எனக்குள் இருந்த விஞ்ஞானி அப்போது பார்த்து விழித்துக்கொண்டாள். ஒரு பிடி மண்ணை அள்ளி மேலே போட்டேன். மண் கிழக்கே பறந்தது. மெஷின் இருப்பது மேற்கே, மாடியில்.

"விடுதிக்குப் பின்னால, கிழக்குச் சுவர் ஓரமா வறுங்க மாமா. புகையெல்லாம் நேரா கடலுக்குப் போயிடும்" என்று கையை நீட்டிக் கடல் இருக்கும் திசையைக் காட்டினேன்.

மாமா அடுப்பு மூட்டினார். தகரத்தில் கொட்டைகள் வெடிக்க, புகை நான் சொன்ன திசையிலேயே ஒழுங்காகப் போனது. சுற்றி உட்கார்ந்து, கல்லால் தட்டி, விரலைச் சுட்டுக்கொண்டு, வாயெல்லாம் கரியாக நாங்கள் தின்ற அந்த முந்திரிக்கு ஈடாக இன்றுவரை எதையும் நான் தின்றதில்லை. எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தோம். என்னைத் திட்டியவர்களே என் தோளில் கை போட்டிருந்தார்கள்.

கிழக்கே பறந்துகொண்டிருந்த ஜெனியின் துப்பட்டா மெல்லத் தொங்கியது. பிறகு மேற்கே பறக்க ஆரம்பித்தது.

மத்தியானமானால் கடலிலிருந்து காற்று திரும்பும். கடலூர் மாவட்டத்தில் ஆடு மாட்டுக்குக்கூடத் தெரிந்த விஷயம். கடற்காற்று எப்படி உண்டாகிறது என்று படம் போட்டு எழுதி, முந்தைய பருவத் தேர்வில் வகுப்பிலேயே அதிக மதிப்பெண் வாங்கியவளும் நான்தான்.

மாமாவின் புகை அப்படியே வளைந்து, விடுதிச் சுவரில் ஏறி, மொட்டை மாடிக்குப் போனது. நானும் ஓடினேன். துப்பட்டாவால் விசிறினேன். மெஷினுக்கும் புகைக்கும் நடுவில் நின்று வாயால் ஊதினேன். கீழே யாரோ பதற்றத்தில் ஒரு வாளித் தண்ணீரைத் தீயில் கொட்ட, புகை இரண்டு பங்கானது. மெஷினோ பசித்தவன் பாயசம் குடிப்பது போல அத்தனையையும் உறிஞ்சிக்கொண்டிருந்தது. தினமும் பாழாய்ப்போகிற கரன்ட் அன்றைக்கு மட்டும் போகவே இல்லை. போயிருந்தால் மெஷின் நின்று, நானும் தப்பித்திருப்பேன்.

சாயங்காலம் மேடம் தாளை எடுத்துக்கொண்டு விடுதி வாசலுக்கு வந்தார். வெள்ளைத் தாள் கருகிய தோசை போல, எண்ணெய் மினுக்கோடு இருந்தது. பேராசிரியருக்கு முகம் வெளுத்துவிட்டது.

"மேடம், இது எங்க வளாகத்துப் புகையே இல்ல. ரொம்ப தூரத்துல ஏதோ பெரிய தொழிற்சாலை இருக்கணும். அங்கேருந்து மேல் காத்துல மெதந்து வந்து..."

அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே, வந்ததிலிருந்து அவருக்காகக் காத்திருந்த மாமா முன்னால் வந்தார். முகமெல்லாம் கரி. கையில் செய்தித்தாள் பொட்டலம்.

"சார், வணக்கம். நம்ம மலரோட மாமா. உங்களுக்குன்னு தனியா எடுத்து வெச்சேன். சூடு ஆறதுக்குள்ள எடுத்துக்கங்க. நீங்களும் எடுத்துக்கங்கம்மா."

மேடம் ஒரு முந்திரியை வாயில் போட்டு மென்றார். தாளை மோந்து பார்த்தார். மாமாவை மேலும் கீழும் பார்த்தார்.

"சார், உங்க தொழிற்சாலை ரொம்ப தூரத்துல இல்ல. இதோ, எதுக்கவே நிக்குது."

"ஆமாங்கம்மா" என்றார் மாமா பெருமையாக. "சொந்தத் தொழில்தான்."

அன்றைய சோதனை செல்லாது என்று எழுதிவிட்டுப் போனார் மேடம். மெஷின் வேறு ஊர்களுக்கெல்லாம் போய்விட்டு எங்களிடம் திரும்பி வருவதற்குள் தேர்வே முடிந்துவிடும். "இதத்தான நீ படம் போட்டு எழுதுன?" என்று மட்டும் ஜெனி கேட்டாள். அவள் கோபப்பட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். குளியலறையில் போய் அழுதேன்.

அதன் பிறகு தேர்வு முடியும்வரை, கரன்ட் போகும்போதெல்லாம் நான் டார்ச்சைப் பிடிக்க, ஜெனி படித்தாள். கை வலித்தால் நான் பாடத்தைச் சத்தமாக வாசிப்பேன், அவள் இருட்டில் கேட்டுக்கொண்டிருப்பாள். வெளிச்சம் தேடிப் பக்கத்து அறைக்காரிகளும் எங்கள் வராந்தாவுக்கு வந்தார்கள். படிப்பு பாதி, ஊர்க்கதை பாதி. விளக்கு அணைந்த மறு நொடி மூன்று மாடிகளும் சேர்ந்து "மலரூ!" என்று கத்துவது வழக்கமாகிவிட்டது. மின்வெட்டுக்கு எங்கள் விடுதியில் என் பெயரையே வைத்துவிட்டார்கள். ஜெனி அரியரை முடித்தாள். நாங்கள் பெட்டி கட்டிக் கிளம்பிய பிறகுதான் ஜெனரேட்டர் ஓடியதாம். நாங்கள் அதன் சத்தத்தைக் கேட்டதே இல்லை.

இப்போது எனக்குக் கடலூரில் காற்றை அளக்கும் வேலைதான். மாமா வீட்டு விசேஷங்களில் ஐயர் ஹோமம் வளர்த்தால், என்னை எந்தப் பக்கம் உட்கார வைப்பது என்று இன்றும் ஒரு விவாதம் நடக்கும். அதைத் தொடங்கி வைப்பவரே மாமாதான்.

விடுதித் தோழிகளின் வாட்ஸ்அப் குழு ஒன்று இருக்கிறது. யார் வீட்டில் கரன்ட் போனாலும் குழுவில் 'மலரு' என்று ஒரே ஒரு சொல் வந்து விழும். ஜெனி மட்டும் அப்படிப் போட்டதே இல்லை. அவள் இருக்கும் நாட்டில் கரன்ட் போவதே இல்லை. சென்ற வாரம் முதல்முறையாக அவளிடமிருந்தும் 'மலரு' வந்தது. பதறிப்போய், "என்னடி ஆச்சு, அங்கயுமா கரன்ட் போச்சு?" என்று கேட்டேன்.

"போவலடி. நானே மெயின் சுவிட்ச அணைச்சிட்டு, செத்த நேரம் இருட்டுல உக்காந்திருந்தேன்."