பின்னறைக்கு வந்த கிரகவாசிகள்

இனி ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டு வேலை செய்வதே இல்லை என்று பல்செட்டுக்காரர் சபதம் எடுத்தபோது, ஏணியின் மூன்றாவது படியில் ஒட்டடைக் கம்போடு நின்றுகொண்டிருந்தார். மனைவி கீழே நின்று அந்த வாரத்துப் பட்டியலைப் படித்துக்கொண்டிருந்தாள். பின்னறை ஒட்டடை. சமையலறைக் குழாயில் சொட்டு. ஈரம் ஊறிய சுவர். பின்னறையிலிருந்து முற்றத்துக்குத் திறக்கும் கதவின் கொண்டி. இந்தக் கொண்டி மட்டும் இரண்டு வருடமாகப் பட்டியலில் குடியிருந்தது.

ஆறு நாளும் ஊராருக்குப் பல் கட்டுகிறவர் அவர். டாக்டர் வாயை அளவெடுத்து அச்சு அனுப்புவார். இவர் பட்டறையில் உட்கார்ந்து பல்லை வார்த்து, அரைத்து, மெருகேற்றி அனுப்புவார். ஏழாவது நாளாவது பல்லைக் கடிக்காமல் இருக்கக் கூடாதா?

ஆனால் "முடியாது" என்று சொல்ல முடியாது. கல்யாணமாகி இருபத்தாறு வருடத்தில் இரண்டு தடவை சொல்லிப் பார்த்திருக்கிறார். இரண்டு வேலையையும் மறுநாளே செய்து முடித்தார். ஆகவே வீட்டைவிடப் பெரிய காரணம் ஒன்று வேண்டும். ஊரைவிட, முடிந்தால் உலகத்தைவிடவே பெரியதாக.

டாக்டரின் காத்திருப்பு அறையில் கிடந்த ஒரு வாரப் பத்திரிகையில் அது கிடைத்தது. ஓவியர்களுக்குத் தோன்றுகிற படம், ஞானிகளுக்குத் தெரிகிற ஒளி எல்லாமே வேற்றுக் கிரகவாசிகள் மனித மூளைக்குள் அனுப்பி வைப்பவை என்று யாரோ நாலு பக்கம் எழுதியிருந்தார். பல்செட்டுக்காரர் அதை இரண்டு தடவை படித்தார். ஒரு தடவை சிரிக்க, ஒரு தடவை மனப்பாடம் செய்ய.

"எனக்கு ஒரு வாரமா மண்டைக்குள்ள படம் படமா வருது" என்றார் சாப்பிடும்போது.

"கண்ணு டெஸ்ட் பண்ணிக்கோங்க. எங்க டாக்டர்கிட்ட சொல்லி வைக்கிறேன்." மனைவிக்குக் கண் மருத்துவமனையில் வரவேற்பு மேஜை வேலை.

"கண்ணுல இல்லை. உள்ள. வேற கிரகத்துலேர்ந்து அனுப்புறாங்க."

"உங்களுக்குக் கிரகம் சரியில்லைன்னு தெரியும். வேற கிரகம்னு தெரியாது."

"விளையாடாதே. அவங்க அனுப்புறதை நான் வரைஞ்சே ஆகணும். ஞாயித்துக்கிழமை ரெண்டுலேர்ந்து அஞ்சு. பின்னறையில. யாரும் கூப்பிடக் கூடாது."

"அவங்களுக்கும் ஞாயித்துக்கிழமைதான் லீவா?"

அவர் கூரையைப் பார்த்தார். ஞானிகள் அப்படித்தான் பார்ப்பார்கள் என்று பத்திரிகையில் இருந்தது.

"சரி" என்றாள் மனைவி. "எத்தனை பேர் வருவாங்க? டீ எல்லாருக்குமா, உங்களுக்கு மட்டுமா?"

இவ்வளவு சுலபமாக ஒத்துக்கொண்டபோதே அவர் சுதாரித்திருக்க வேண்டும். சுதாரிக்கவில்லை. கேன்வாஸ், வண்ணம், தூரிகை எல்லாம் வாங்கினார். கூடவே ஒரு தலையணையையும் பின்னறைக்குக் கடத்தினார். முதல் ஞாயிறு, நீலத்தை ஒரு இழுப்பு, மஞ்சளை ஒரு இழுப்பு இழுத்துவிட்டு அஞ்சு மணிவரை குறட்டை விட்டார். அறையைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார்.

அடுத்த ஞாயிறு கதவைத் திறந்தவர் வாசலிலேயே நின்றுவிட்டார்.

அவர் இழுத்த நீலம் ஆறாகியிருந்தது. மஞ்சள், ஆற்றின் மேல் விழுந்த வெயிலாகியிருந்தது. கரையில் ஒரு வீடு. வீட்டுக்குள் ஒட்டடை இல்லாத ஓர் அறை.

சாவி அவர் இடுப்பில் இருந்தது. வீட்டில் இருப்பவர்கள் இரண்டே பேர். ஒருவர் அவர். இன்னொருவர் மனைவி, அவளுக்கும் படத்துக்கும் என்ன சம்பந்தம்? மீதி இருப்பது ஒரே வழி. பொய் சொல்லி அழைத்தவர்கள் நிஜமாகவே வந்துவிட்டார்கள்.

ஏணியை எடுத்து வந்தார். சத்தமில்லாமல் ஒட்டடை அடித்தார்.

அதற்கப்புறம் அவர் தூங்கவில்லை. ஞாயிறுதோறும் குளித்து, செருப்பைக் கழற்றிவிட்டு, கேன்வாஸில் பயபக்தியோடு இரண்டு இழுப்பு இழுத்துவிட்டு, கண்ணை மூடி உட்கார்ந்தார். வாரத்துக்கொரு படம் வந்தது. ஒன்றில் சொட்டாத குழாய். ஒன்றில் பளிச்சென்று வெள்ளையடித்த சுவர். மேலுலகத்துக் கட்டளையை மீற அவர் யார்? குழாயை மாற்றினார். சுவரைச் சுரண்டி வெள்ளையடித்தார். கொண்டியைப் பற்றி மட்டும் எந்தப் படத்திலும் தகவல் இல்லை. அதனால் அதை அவர் தொடவில்லை.

ஐந்தாவது படம்தான் அவரை உலுக்கியது. ஜன்னலோரம் ஒரு பெண் முதுகு காட்டி உட்கார்ந்திருந்தாள். வெளியே வானம் முழுக்க வட்ட வட்டமாக வெளிச்சங்கள். ஒன்றுகூட அவள் பக்கம் திரும்பவில்லை. பார்க்கப் பார்க்கப் பல்செட்டுக்காரருக்குக் கண்ணில் நீர் கட்டியது. ஐம்பத்திரண்டு வயதுவரை எதைப் பார்த்தும் அழாத மனிதர், தரையில் உட்கார்ந்து விசும்பினார்.

மனைவியைக் கூட்டிவந்து காட்டினார்.

"இந்தப் பொண்ணைப் பாத்தா மனசு என்னவோ பண்ணுது. ரொம்ப வருஷமா யாரும் அவகிட்டப் பேசலை போல."

"அப்படியா தெரியுது?"

"எவ்வளவு தூரத்துலேர்ந்து பாத்துட்டு இருக்காங்க! எல்லாம் தெரிஞ்சிருக்கு அவங்களுக்கு." கண்ணைத் துடைத்துக்கொண்டு வானத்தை நோக்கிக் கும்பிட்டார்.

"ம்" என்றாள் மனைவி. அவள் குரல் கொஞ்சம் கம்மியிருந்தது. அதையும் அவர் கவனிக்கவில்லை.

விஷயம் எதிர்வீட்டு டிரைவிங் ஸ்கூல்காரர் காதுக்குப் போய், அவர் நூலக அம்மாளிடம் சொல்லி, நூலக அம்மாள் நேரில் வந்து பார்த்தாள். ஓவியம் பற்றித் தெரிந்தவள். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, கேன்வாஸ் அருகில் முகத்தைக் கொண்டுபோனாள்.

"நூலகக் கூடத்துல கண்காட்சி வெச்சிடலாம். ஆமா, நீங்க இடதுகைக்காரரா சார்?"

"இல்லையே. சோத்துக்கைதான்."

"கோடெல்லாம் இடதுகை சாய்வா இருக்கே."

"அவங்க இடதுகைக்காரங்களா இருப்பாங்க" என்றார் பல்செட்டுக்காரர், வானத்தைக் காட்டி.

கண்காட்சி நாள். கூடத்தில் அறுபது எழுபது பேர். படங்களுக்குக் கீழே 'வேற்றுலகத்தார் அருளியது, பல்செட்டுக்காரர் வழியாக' என்று அட்டை. அவரே கேட்டு எழுதி வாங்கியது. வாசலில் வருகைப் பதிவேடு. வந்தவர்கள் வரிசையாகக் கையெழுத்திட்டுக்கொண்டிருந்தார்கள். மனைவியின் முறை வந்தது. பேனாவை எடுத்தாள்.

இடது கையில் எடுத்தாள்.

பல்செட்டுக்காரர் பார்த்தார். அந்தக் கை பழகிய வேகத்தில் பெயரை எழுதி, பேனாவை மூடி வைத்தது. சுண்டுவிரல் ஓரத்தில் நகத்துக்கடியில் மெல்லிசாக நீலம்.

ஊரிலுள்ள வாயையெல்லாம் அளவெடுத்தவர். எந்த வாயில் எந்தப் பல் கோணல் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். தனக்கு இருபத்தாறு வருடமாகச் சோறு போட்ட கை எந்தக் கை என்று தெரியவில்லை. கல்யாணமான முதல் வருடம் நினைவுக்கு வந்தது. அவள் ஒரு தகரப் பெட்டி நிறைய வண்ணமும் தூரிகையும் கொண்டுவந்தாள். பட்டறைச் சாமான் வைக்க இடமில்லை, இந்தக் குப்பையை எடுத்துப் போடு என்று அவர் சொன்னார். அவள் எடுத்துக்கொண்டு போனாள். அந்தப் பெட்டி எங்கே போனது என்று அவர் இன்றுவரை கேட்கவும் இல்லை.

"இப்போது பல்செட்டுக்காரர் பேசுவார்" என்றாள் நூலக அம்மாள்.

மைக்கைப் பிடித்தார்.

"இந்தப் படங்களை எந்தக் கிரகத்துக்காரனும் வரையலை. நானும் வரையலை. எல்லாம் என் மனைவி வரைஞ்சது. அதோ நிக்கிறா."

கைதட்டல் கூரையைப் பிளந்தது.

"என்ன பெருந்தன்மை!" என்றார் டிரைவிங் ஸ்கூல்காரர், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "தனக்கு வந்த அருளைத் தூக்கிப் பொண்டாட்டிக்குக் கொடுக்குறாரு பாருங்க!"

"நிஜமாத்தான் சொல்றேன்யா!"

இன்னும் பலமாகக் கைதட்டினார்கள். ஒருவர் காலில் விழவே வந்துவிட்டார்.

வீட்டுக்கு நடந்தே வந்தார்கள். பாதி வழியில் அவர் கேட்டார்.

"எப்படி உள்ள போனே? சாவி என்கிட்டத்தானே இருந்தது?"

"கொண்டி சரியில்லைன்னு ரெண்டு வருஷமா சொல்றேன். முற்றத்துப் பக்கம் நின்னு தள்ளினா திறந்துக்கும்."

"என்கிட்டச் சொல்லியிருக்கலாம்."

"சொன்னா குழாய் மாத்தியிருப்பீங்களா?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். குனிந்தபடியே கேட்டார்: "அந்த ஜன்னலோரப் பொண்ணு..."

"அதைப் பாத்து நீங்க அழுதீங்கல்ல, அன்னிக்கே எல்லாத்தையும் சொல்லிடலாம்னு பாத்தேன். நீங்க வானத்தைப் பாத்துக் கும்பிட்டீங்க. சரின்னு போய்ட்டேன்."

தெரு விளக்குகள் ஒவ்வொன்றாக எரியத் தொடங்கின.

"அதெல்லாம் உனக்கு எங்கேர்ந்து தோணுது?"

"தெரியலைங்க. தூரிகையை எடுத்தா கை அதுபாட்டுக்குப் போகும். முடிச்சுட்டுப் பாத்தா, இதை நானா போட்டேன்னு எனக்கே இருக்கும். யாராச்சும் அனுப்புறாங்களோ என்னவோ." அவள் நிஜமாகவே யோசித்தாள். "அனுப்பினா அவங்க நல்லா இருக்கட்டும்."

"நான்தான் உன் பேரைக் கெடுத்துட்டேன். இனிமே யார்கிட்டச் சொன்னாலும் நம்பப் போறதில்லை."

"நூலக அம்மா நம்புறாங்க. பதிவேட்டுல நான் கையெழுத்துப் போடும்போதே பாத்துட்டாங்க. அடுத்த மாசம் பக்கத்து ஊர்ல பெரிய கண்காட்சியாம். என் பேர்லயே எழுதிக்கிட்டாங்க."

பல்செட்டுக்காரரின் முகம் மலர்ந்தது. இத்தனை வருடத்துப் பாவத்தைக் கழுவ ஒரு வாய்ப்பு. மேடையில் அவள் பக்கத்தில் நின்று, எல்லாரும் நம்பும்படி, இன்னொரு தடவை சொல்லிவிடலாம்.

"நானும் வர்றேன். என்னைப் பத்தி ஏதாவது சொன்னியா அவங்ககிட்ட?"

"சொன்னேனே. படம் ஏத்தி இறக்க ஆள் தேட வேண்டாம், எங்க வீட்டுலயே ஒருத்தர் இருக்காருன்னு."