சிவப்பு வளையம்

இருகரை என்றொரு நாடு. நடுவில் ஆறு கிடையாது; தலைசுற்ற வைக்கும் ஆழமான பள்ளம்தான். இக்கரையில் வீடுகள், அக்கரையில் வயல்கள். ஆகவே அந்நாட்டார் பிறந்த நாள் முதலாய் வடத்தில் தொங்கும் கூண்டில் போய், கூண்டில் வந்துகொண்டிருந்தார்கள். ஒவ்வொரு கூண்டையும் வடத்தோடு பிணைப்பது ஒரேயொரு கடையாணி. கட்டைவிரல் தடிமன் இரும்பு, அவ்வளவே.

அந்த ஆணிகளைச் சோதிப்பவள் செண்பகவடிவு. அவளிடம் இரண்டு எஃகு வளையங்கள் இருந்தன. பச்சை வளையத்துக்குள் ஆணி நுழைய வேண்டும். நுழையாவிட்டால் தடிமன் கூடுதல். அதைவிடச் சிறியதான சிவப்பு வளையத்துக்குள் நுழையவே கூடாது; நுழைந்தால் மெலிவு, கூண்டைத் தாங்காது. இரண்டுக்கும் இடையே ஒரு தலைமுடி வித்தியாசம்தான். அந்த முடியில்தான் நாடே தொங்கியது.

தேர்தலில் புதிய தலைவர் வென்றார். புதிய பட்டறையிலிருந்து வண்டி வண்டியாக ஆணிகள் வந்தன. வடிவு எல்லாவற்றையும் திருப்பி அனுப்பினாள். தர அமைச்சர் நேரில் வந்தார்.

"எத்தனை ஆணி தேறியது?"

"ஒண்ணும் தேறலை ஐயா. எல்லாம் மெலிவு. செவப்புக்குள்ளேயும் வழுக்கிக்கிட்டுப் போகுது."

"பச்சைக்குள் போகிறதா?"

"போகுது."

"சிவப்புக்குள்ளும்?"

"போகுது. அதைத்தானே சொல்லுதேன்."

அமைச்சர் தம் செயலரின் பக்கம் திரும்பினார். "குறித்துக்கொள்ளும். பழைய ஆட்சியின் ஆணிகள் ஒரு வளையத்தில் மட்டுமே தேறின. நம் ஆணிகள் இரண்டிலும் தேறுகின்றன."

"வரலாற்றில் முதன்முறை," என்றார் செயலர்.

"ஐயா, அது தேறுறது இல்ல. செவப்புன்னா..."

"நிறம்தான் உமக்குத் தொந்தரவா, அம்மா?"

மறுநாள் ஆணை பிறந்தது. நாட்டிலுள்ள சிவப்பு வளையங்கள் அனைத்துக்கும் பச்சை பூசினார்கள். இரண்டு பச்சையிலும் நுழைவது முழுத்தேர்ச்சி; ஒன்றில் மட்டும் நுழைவது அரைத்தேர்ச்சி. அரைத்தேர்ச்சி ஆணிகளையெல்லாம் பிடுங்கி உருக்கினார்கள்.

கூண்டுகள் கடகடக்கத் தொடங்கின. மக்கள் முறையிட்டார்கள். அரசு செவிசாய்த்து, மக்கள் கூண்டு ஏறும் ஒவ்வொரு கூண்டடியிலும் மேளம் வாசிக்க ஆணையிட்டது; கடகடப்பு கேட்கவில்லை. கூண்டுகள் வலப்பக்கம் சரிந்தன. அதற்கும் ஆணை வந்தது: பயணம் செய்வோர் இடப்பக்கம் சாய்ந்து உட்கார வேண்டும். சாயாதவருக்கு நாட்டுப்பற்று இல்லை.

வடிவின் தங்கை ஆவுடைக்கு அக்கரையில் உளுந்து வயல். தினமும் ஏழாம் கூண்டில் போவாள்.

"அக்கா, விழப்போற பல்லு மாதிரி ஆடுதுக்கா. எல்லாரும் ஒரு பக்கமாச் சாஞ்சுக்கிட்டு, குளத்துல எருமை படுத்த மாதிரி உக்காந்திருக்கோம்."

"சிரிக்காதட்டீ. அந்தப் பித்தளைச் செம்பு மூடியை எடுத்துட்டு வா."

மூடியை வடிவு மெல்லிய தகடாக வெட்டினாள். ஏழாம் கூண்டின் ஆணியைக் கழற்றி, தகட்டைச் சுற்றி இறுக்கிச் செருகினாள். ஆட்டம் நின்றது.

"எத்தனை நாளைக்குத் தாங்கும்?"

"நல்ல ஆணி வார வரைக்கும். ஆட்டம் நின்னா அடி கொறையும். அடி கொறைஞ்சா ஆணி சட்டுனு ஒடியாது."

செய்தி பரவியது. ஒருத்தி தட்டைக் கொண்டுவந்தாள், ஒருத்தர் பூட்டின் முகப்பைக் கொண்டுவந்தார். பத்து நாளில் பன்னிரண்டு கூண்டுகள் சத்தமில்லாமல் போய்வந்தன. அதுதான் பிசகாயிற்று. மேளம் வாசிப்பவர்களுக்கு வேலை இல்லாமற் போனதை அரசு கவனித்தது.

செயலர் சோதனைக்கு வந்தார். தகடு சுற்றிய ஆணிகள் இரண்டாம் வளையத்துக்குள் நுழையவில்லை.

"அரைத்தேர்ச்சி! தேறிய ஆணியை நீரே தேறாததாக்கியிருக்கிறீர். தகடுகளை உரியுங்கள்."

"ஐயா, வயலுக்குப் போனவங்க திரும்பி வரட்டும். அதுவரைக்கும் விடுங்க. எந்தங்கச்சி அந்தப் பக்கம் இருக்கா."

"ஆணைக்கு அந்தப் பக்கம் இந்தப் பக்கம் கிடையாது."

தகடுகளை உரித்தார்கள். பொழுது சாய, ஏழாம் கூண்டு உளுந்துக் கட்டோடும் ஆவுடையோடும் கிளம்பி, பாதிப் பள்ளம் வரை வந்தது.

விசாரணைக் குழு அமைந்தது. ஒடிந்த ஆணியின் துண்டைப் பள்ளத்திலிருந்து எடுத்து வளையங்களில் செலுத்தினார்கள். இரண்டிலும் நுழைந்தது. ஆணி குற்றமற்றது என்று தீர்ப்பானது. பயணி வலப்பக்கம் சாய்ந்ததே காரணம்.

"அவ எந்தப் பக்கம் சாஞ்சான்னு யாரு பாத்தா?" என்று வடிவு கேட்டாள்.

"கீழே வலப்பக்கமாகக் கிடந்தாள், அம்மா. பதிவாகியிருக்கிறது."

பதினாறாம் நாள் காரியம் முடிந்து வடிவு தன் சோதனைப் பட்டறைக்குத் திரும்பினாள். செயலர் தனியாக வந்தார். மடியிலிருந்த துணிப்பொட்டலத்தைப் பிரித்து, உருக்காமல் ஒதுக்கிவைத்த பழைய ஆணி ஒன்றை மேசைமேல் வைத்தார்.

"தலைவர் இன்று அக்கரைக்கு எழுந்தருளுகிறார். அவருடைய கூண்டுக்கு." மேசைமேல் கிடந்த இரு வளையங்களையும் மாறி மாறிப் பார்த்தார். குரலைத் தாழ்த்தினார். "இதில்... முன்பு சிவப்பாக இருந்தது எது?"

"ரெண்டும் பச்சைதானே ஐயா."

"அம்மா, நேரமில்லை."

வடிவு அவர் முகத்தையே பார்த்தாள். "அப்போ செவப்புன்னா என்னன்னு உங்களுக்குத் தெரியும்."

அவர் ஆணியை அவள் பக்கம் நகர்த்தினார்.

எந்த வளையத்தை நீட்டினாலும் அவருக்குத் தெரியப்போவதில்லை. அந்த ஆணியும் சரியானதா, மெலிந்ததா என்று அவளைத் தவிர யாரும் சொல்ல முடியாது. அவள் கை ஒரு வளையத்தின்மேல் போய், மற்றதன்மேல் போய்த் திரும்பியது. பிறகு பாராமலே பழைய சிவப்பு வளையத்தை எடுத்தாள், விரலுக்குப் பழக்கம். ஆணி வாயிலேயே நின்றது.

"நுழையலை. நல்ல ஆணி. இதுல ஏறுறவங்க உசுரோட வருவாங்க."

"பதிவேட்டில்..."

"அரைத்தேர்ச்சின்னு எழுதணும்."

"எதுவும் எழுத வேண்டாம்."

உச்சிவேளையில் கூண்டடி நிறைய மக்கள். மேளக்காரர்கள் வாசித்தார்கள். தலைவரின் கூண்டு கிளம்பி, ஒரு முனகல்கூட இல்லாமல் வடத்தில் வழுக்கிக்கொண்டு போனது. அதன் பின்னே மற்றக் கூண்டுகள் கடகடவென்று ஆடிக்கொண்டு போயின.

வரிசையில் நின்ற கிழவர் வாய்பிளந்தார். "பாத்தீயளா? ஒரு சத்தம் உண்டுமா? மனுசன் எவ்வளவு சுத்தமா இடப்பக்கம் சாஞ்சிருப்பாரு! நமக்குத்தான் ஒழுங்காச் சாயத் தெரியலை."

"ஆமா, ஆமா," என்றார்கள் பின்னால் நின்றவர்கள். சிலர் நின்ற இடத்திலேயே இடப்பக்கம் சாய்ந்து பழகத் தொடங்கினார்கள்.

வடிவு பள்ளத்தின் விளிம்பில் நின்று பார்த்தாள். கூண்டுக்குள் தலைவர் நேராக நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்.