போறதா அண்ணை

காலை வணக்கம் சொல்லியே ஒரு குடும்பத்தைக் கிழமை முழுக்க முட்டாளாக்கிய மனிதர் இந்த உலகத்தில் ஒருவர்தான் இருப்பார். அவர் ஹம்பேர்க்கில், எங்கள் வீட்டுக்கு நேர் மேல்வீட்டில் இருக்கிறார். அவருடைய உண்மையான பெயர் தபால்பெட்டியில் எழுதியிருக்கிறது. ஆனால் அதில் உயிரெழுத்துகளைத் தேடிக் களைத்த தபால்காரர், "நாய்க்காரர் வீடு எது?" என்று எங்களிடம்தான் வந்து கேட்பார். எங்களுக்கு அவர் போறதா அண்ணை.

அந்த வீட்டுக்கு நாங்கள் குடிவந்த மறுநாள் காலை, எஸ்-பான் ரயில் பிடிக்க அவசரமாகப் படியிறங்கிக்கொண்டிருந்தேன். எதிரே ஒரு வெள்ளைக்காரர்: கம்பளித் தொப்பி, தக்காளிச் சிவப்பில் முகம், கையில் நாய்க்கயிறு. அவர் என்னைப் பார்த்து வாய் நிறையக் கேட்டார்:

"போறதா?"

எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. இந்தக் குளிரில், இந்தப் படிக்கட்டில், அதுவும் அச்சொட்டான யாழ்ப்பாணத் தமிழ்!

"ஓம் அண்ணை, வேலைக்குப் போறன். நீங்கள்?"

அவருடைய முகத்தில் அப்படியொரு சந்தோசம். என் கையைப் பிடித்துக் குலுக்கினார். அன்று பின்னேரம் மனைவி சுகந்தியிடம் சொன்னேன். அவள் நம்பவில்லை. மறுநாள் தானே படிக்கட்டில் போய் நின்றாள். "போறதா?" "ஓம், கடைக்கு." கிழமை முழுக்க இதே கதை. நாங்கள் எங்கே போகிறோம், எப்போது வருவோம், என்ன கறி என்று எல்லாவற்றையும் ஒப்புவித்தோம். கடைசியில் ஒரு காலை, நானும் பக்கத்தில் நிற்க, சுகந்திதான் டொய்ச்சில், அதாவது ஜெர்மன் மொழியில் கேட்டாள், தமிழ் எங்கே படித்தீர்கள் என்று.

"எந்தத் தமிழ்?" என்றார் அவர்.

அது வேல்ஷ் மொழியாம். 'போரெ டா' என்றால் காலை வணக்கமாம். நாங்கள் பதில் சொன்னதைக் கேட்டு, தனக்கு மரியாதையாக எங்கள் மொழியில் வணக்கம் சொல்கிறோம் என்று அவர் நினைத்திருந்தார். "உங்கட மொழியிலை காலை வணக்கம் இவ்வளவு நீளமோ எண்டு யோசிச்சனான்" என்றார். அவர் எங்களோடு பேசுவது டொய்ச்தான். ஆனால் எனக்குள் அது எங்கள் ஊர்த் தமிழாகத்தான் விழும், அப்படியே எழுதுகிறேன்.

"வேல்ஷா? அப்ப நீங்கள் இங்கிலாந்து ஆள்" என்று நான் தெரியாத்தனமாகச் சொல்லிவிட்டேன். தக்காளி பீட்ரூட் ஆனது. வேல்ஸ் வேறு, இங்கிலாந்து வேறு என்று அவர் விளக்கி முடித்தபோது என் ரயில் போய்விட்டது. அடுத்ததும் போய்விட்டது.

கப்பல் எஞ்சின் திருத்த இந்தத் துறைமுகத்துக்கு வந்தவர், ஒரு ஹம்பேர்க்காரியைக் கட்டி இங்கேயே தங்கிவிட்டார். மனைவி இறந்து சில வருடங்கள். பிள்ளைகள் இல்லை. இந்த நகரத்தில் அவரோடு வேல்ஷ் பேச ஒரு மனிதப்பிறவி கிடையாது. அதற்காக அவர் அடங்கவில்லை. பால்கனித் தக்காளிச் செடிக்கு வேல்ஷ். பழுதான லிஃப்டுக்கு வேல்ஷ். அது திட்டு என்று மொழி தெரியாமலே விளங்கும்.

அவரைக் காண்பவர்கள் எல்லாரும் கேட்பது ஒரே கேள்வி: அந்த மொழியால் என்ன பிரயோசனம்? ஆளுக்கு ஒரு பதில் வைத்திருந்தார். கீழ்வீட்டு ஜெர்மன் அம்மா கேட்டபோது, "உங்கட பியானோவாலை என்ன பிரயோசனம்?" என்று திருப்பிக் கேட்டார். அந்த அம்மா இரண்டு மாதம் அவரோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. பியானோ மட்டும் முன்னையைவிடச் சத்தமாகக் கேட்டது.

நானும் ஒருநாள் கேட்டேன். "உங்கட ஆக்கள் எல்லாருக்கும் இங்கிலிஷ் தெரியும்தானே அண்ணை. பிறகேன் இதைக் கட்டிப் பிடிச்சுக்கொண்டு?"

"உங்கட வீட்டிலையும் எல்லாருக்கும் டொய்ச் தெரியும். பிறகேன் புருசனும் பெண்சாதியும் தமிழிலை சண்டை பிடிக்கிறியள்?"

"டொய்ச்சிலை பிடிச்சா அதிலை ருசி இல்லை."

"அதுதான்" என்றார், வழக்கில் வென்ற அப்புக்காத்து மாதிரி.

பிறகு குப்பைத்தொட்டி விவகாரம். ஜெர்மனியில் குப்பையைப் பிரித்துப் போடுவது கிட்டத்தட்ட ஒரு சமயம். அந்தப் புனிதமான தொட்டிகளில், டொய்ச்சுக்குக் கீழே, போறதா அண்ணை வேல்ஷிலும் எழுதி ஒட்டினார். கட்டடக் காவலர் கிழித்தார். இவர் மறுபடி ஒட்டினார். சுகந்தி இதைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு ஒருநாள் மேலே போய், "அப்ப எங்கட பாஷையிலையும் ஒட்ட வேணும்" என்றாள். அவர் பேனையையும் மட்டையையும் எடுத்துக்கொண்டு ஓடி வந்தார். 'கடதாசி', 'போத்தல்', 'சாப்பாட்டுக் கழிவு' என்று அவள் முத்துமுத்தாக எழுத, அவர் பசை தடவினார். தமிழையும் கண்ட காவலர் நெடுநேரம் தொட்டிகளைப் பார்த்தபடி நின்றார். இரண்டு பேரோடு என்றால் சரி, இரண்டு மொழியோடு மல்லுக்கட்ட ஏலாது என்று நினைத்தாரோ என்னவோ, விட்டுவிட்டார்.

இனி நாயைப் பற்றிச் சொல்ல வேண்டும். கறுப்பும் வெள்ளையுமான ஆட்டுக்காவல் நாய். பெயர் மொட். சுகந்திக்கு மொட்டு. வேல்ஸிலுள்ள தங்கையின் பண்ணையிலிருந்து குட்டியாகக் கொண்டுவந்தது. அதற்கு வேல்ஷ் தவிர ஒரு சொல் விளங்காது; அவர் வேண்டுமென்றே அப்படி வளர்த்தார். "வீட்டிலை ஒருத்தராவது என்ரை மொழியிலை சொன்னதைக் கேக்க வேணும்" என்பார்.

போன மாசியில், உறைபனியில் வாசற்படியில் சறுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். அம்புலன்ஸில் ஏற்றும்போது நாய்க்கயிற்றைச் சுகந்தியின் கையில் திணித்தார். நாய் என்றால் தெருவின் மறுபக்கத்துக்கு ஓடுகிறவள் அவள்.

அன்று எங்கள் வீட்டில் நடந்ததை நாடகமாகப் போடலாம். "இரு! இரு எண்டன்!" என்றாள் சுகந்தி. நாய் உட்காராமல் நின்றுகொண்டே இருந்தது. டொய்ச்சில் சொன்னாள். நாய் சோபாவில் ஏறியது. நான் இங்கிலிஷில் சொன்னேன். அது என்னைப் பார்த்த பார்வை, எசமானிடம் படித்த பார்வை.

இணையத்தில் தேடினோம். 'இங்கே வா' என்பதற்கு வேல்ஷில் 'டிர்ட் அமா' என்று போட்டிருந்தது. சுகந்தி அதைப் பாடமாக்கி, பூங்காவில் நின்று கூப்பிட்டாள். மொட்டு காது மடலைக்கூட அசைக்கவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போன் எடுத்தோம்.

"அது வடக்கு வேல்ஷ்! என்ரை நாய் தெற்கு" என்றார், முறிந்த இடுப்பை மறந்து. "டெரெ மா எண்டு சொல்லுங்கோ!"

சுகந்தி என் பக்கம் திரும்பினாள். "இஞ்சருங்கோ, உந்தத் துண்டு நாட்டுக்குள்ளையும் நாங்களும் இந்தியாத் தமிழரும் மாதிரி ஆளுக்கொரு பேச்சோ?"

அவர் போனிலேயே மற்றதையும் சொல்லிக்கொடுத்தார். 'ஆரொஸ்' என்றால் நில். 'கோர்வெத்' என்றால் படு. 'கீ டா' என்றால் நல்ல நாய். சுகந்தி சமைக்கும்போதும் அதை மனப்பாடம் செய்தாள்.

அடுத்த நாள் பூங்காவில் ஒரு முயல் ஓடியது. கயிறு அவள் கையிலிருந்து பிய்த்துக்கொண்டு போக, மொட்டு நேரே பெருந்தெருவை நோக்கிப் பறந்தது. அங்கே பஸ் வருகிறது. சுகந்தி தன் தொண்டைக்குள் இருந்த சத்தம் எல்லாவற்றையும் திரட்டி, "தேரம்மா! தேரம்மா!" என்று கத்தினாள். பூங்காவில் இருந்த சனம் எல்லாம் திரும்பிப் பார்த்தது. நடைபாதை விளிம்பில் நாயும் திரும்பிப் பார்த்தது. வாலை ஆட்டிக்கொண்டு வந்து அவள் காலடியில் இருந்தது. நாய்க்குப் பயந்தவள் அதைக் கட்டிப்பிடித்து அழுதுகொண்டிருந்தாள்.

சத்திரசிகிச்சை முடிந்த மத்தியானம் ஆஸ்பத்திரியிலிருந்து அழைத்தார்கள். ஓடிப்போனோம். இளம் டொக்டர் பெண் ஒருவர் வாசலிலேயே நிறுத்தினார். "அவருக்குப் பேச்சு குழம்பிவிட்டது. நாங்கள் சொல்வதும் விளங்கவில்லை. மூளையில் ஏதாவது நடந்ததோ என்று பயமாக இருக்கிறது."

உள்ளே போறதா அண்ணை வெள்ளம்போலப் பேசிக்கொண்டிருந்தார். ஒரு காலைக் கட்டிலுக்கு வெளியே போட்டுவிட்டார். புதிதாகப் பொருத்திய இடுப்போடு எழும்பப் பார்க்கிறார். இரண்டு தாதிமார் தோளைப் பிடித்து அமுக்குகிறார்கள். அவர் கண்ணில் நான் அதுவரை காணாத பயம். சுற்றி நிற்பவர்களில் ஒருவருக்கும் தான் சொல்வது விளங்கவில்லை என்ற பயம்.

சுகந்தி தாதிமாரை விலக்கிக்கொண்டு முன்னால் போனாள்.

"ஆரொஸ்!"

அவர் எழும்புவதை நிறுத்தினார்.

"கோர்வெத்!"

மெதுவாகச் சரிந்து படுத்தார். சுகந்தி பழக்கதோசத்தில் அவருடைய தலையைத் தடவி, "கீ டா" என்றாள்.

டொக்டர் அவளையே பார்த்தார். "நீங்கள் அவருடைய மொழி பேசுவீர்களா?"

"நாயோடு மட்டும்" என்றாள் சுகந்தி.

போறதா அண்ணை அவளுடைய மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு நெடுநேரம் வேல்ஷில் ஏதோ சொன்னார். அவளுக்கு ஒரு சொல் விளங்கவில்லை. "ஓம் அண்ணை, ஓம்" என்று தமிழில் சொல்லிக்கொண்டே இருந்தாள். அப்படியே நித்திரையாகிவிட்டார். அது தாய்மொழி என்று தெரிந்ததும் டொக்டரின் முகம் தெளிந்தது. என்றாலும் மூளையைப் படம்பிடித்துப் பார்த்தார்கள், ஒன்றுமில்லை. மயக்கமருந்து தெளியும்போது வயதானவர்களுக்குச் சில நேரம் பிறகு படித்த மொழி பிந்தித்தான் வருமாம். மறுநாள் அவருக்கு டொய்ச் திரும்ப வந்தது. நடந்ததைச் சொன்னோம். தையல் வலிக்க வலிக்கச் சிரித்தார்.

"இனி ஆரும் அந்த மொழியாலை என்ன பிரயோசனம் எண்டு கேட்டா என்னட்டை அனுப்புங்கோ" என்றாள் சுகந்தி.

இந்தக் கோடையில் அவர் தடியூன்றி நடக்கத் தொடங்கி, நாயையும் கூட்டிக்கொண்டு தங்கையிடம் வேல்ஸுக்குப் போனார். சில நாளில் போன் வந்தது.

"எப்படி அண்ணை? ஊரெல்லாம் உங்கட பாஷைதானே?"

"அதுதான் பிரச்சினை" என்றார். "இஞ்சை நான் சொல்லுறது எல்லாருக்கும் விளங்குது. அதாலை ஒருத்தரும் கவனிக்கினமில்லை."

அன்று பின்னேரம் கீழ்வீட்டு ஜெர்மன் அம்மா எங்கள் கதவைத் தட்டினார். மேல்வீட்டுக்காரர் எப்போது திரும்பி வருகிறார் என்று கேட்டார். பிறகு படிக்கட்டை ஒருமுறை மேலும் கீழும் பார்த்து, "கட்டடம் இப்போது மிகவும் அமைதியாக இருக்கிறது" என்றார்.

அதை அவர் ஒரு குறையாகத்தான் சொன்னார். நாங்களும் அப்படித்தான் எடுத்துக்கொண்டோம்.