நாலாவது எலுமிச்சம்பழம்

அக்கா மவள ஒரு காலேஜுக்குக் கூட்டிட்டுப் போயி திரும்பக் கூட்டியாரணும். அன்னிக்கு எனக்கு இருந்த வேல அவ்ளோதான் மக்களே.

நான் அரியலூர்ல குட்டியானை ஓட்டுறவன். தும்பிக்கை வச்சது இல்ல, சிமெண்டு மூட்ட ஏத்துற சின்ன லோடு வண்டி. எட்டாவதோட என்னயும் பள்ளிக்கூடத்தயும் பிரிச்சு வச்சிட்டாங்க. ரெண்டு பேருக்கும் அது நல்லதாத்தான் போச்சு.

அக்கா மவ கயலு அப்படி இல்ல. பன்னெண்டாவதுல நல்ல மார்க்கு. "பைலட்டுக்குத்தான் படிப்பேன்"னுட்டா. பெரம்பலூர் தாண்டி ஒரு பல்கலைக்கழகத்துல டிகிரியும் குடுக்குறாங்களாம், கூடவே ப்ளேன் ஓட்டக் கத்துக்குடுத்து லைசென்சுக்கும் தயார் பண்றாங்களாம். சொந்தமா ரன்வே. சொந்தமா ப்ளேனு.

செலவ நான் பாத்துக்குறேன்னு மச்சான் சவுதிலேந்து சொல்லிட்டாரு. அக்காதான் ஒத்துக்கல.

"இவ ஸ்கூட்டி எடுத்தாலே எனக்கு வயித்தக் கலக்குது. ஆகாசத்துல ஓட்டப்போறாளாம்!"

புள்ள சோறு எறங்காம மூஞ்சத் தூக்கி வச்சிட்டுக் கெடந்துச்சு. கடைசியில அக்கா ஒரு தீர்ப்பு சொன்னா.

"அங்க சேரலாம்னு பாக்க வர்ற புள்ளைங்களயும் வூட்டாளு ஒருத்தரயும் ஏத்தி ஒரு ரவுண்டு காட்றாங்களாம்ல? டேய் சேகரு, தாய்மாமன் நீ போ. நீ ஏறி, சுத்தி, உசுரோட எறங்கி வந்து நல்லாருக்குன்னு சொன்னா அவ படிக்கட்டும். இல்லேன்னா பிஎஸ்சி மேத்ஸ்தான்."

தாய்மாமன்னா காதுகுத்துக்கு மடியில வச்சுக்கணும், சடங்குக்கு சீரு தூக்கணும். ஏரோப்ளேன டெஸ்ட் பண்ணணும்னு எந்த ஊர்லயும் இல்ல மக்களே!

இதுல இன்னொரு சங்கதி. நான் தேர்த்திருவிழா ராட்டினத்துலயே ஏறமாட்டேன். கீழ நின்னு செருப்பப் பாத்துக்குற ஆளு நான்.

கயலு தனியாக் கூப்ட்டு சொல்லுச்சு. "மாமா, நீ ஏறுனாப் போதும். கண்ண மூடிக்க. மேல என்ன தெரிஞ்சுதுன்னு நான் சொல்லித் தரேன்."

கெளம்பும்போது அக்கா ஒரு மஞ்சப்பைய நீட்டுனா.

"வெள்ளிக்கெழம சிறுவாச்சூர் போயி காளி காலடியில வச்சு எடுத்தாந்தேன். நாலு எலுமிச்சம்பழம், குங்குமம். புள்ள புது வண்டியில ஏறுது. நாலு சக்கரத்துக்கும் வச்சிடு. வண்டி ஏறி நசுங்கணும். நசுங்கலன்னா நான் எதுக்கும் சம்மதிக்க மாட்டேன்."

"தேங்கா?"

"தேங்காய மறந்துட்டேன்டா!"

அக்கா மறந்தது எவ்ளோ பெரிய புண்ணியம்னு அப்ப தெரியல.

காலேஜுக்குப் போனதும் எல்லாரயும் எடை மெஷின்ல ஏத்துனாங்க. கத்துக்குடுக்குறவங்க ஒரு கேப்டன் மேடம். திருச்சிப் பக்கத்து ஆளு, பேச்சுலயே தெரிஞ்சுது. நான் ஏறி நின்னதும் மெஷினப் பாத்தாங்க, என்னயப் பாத்தாங்க, திரும்ப மெஷினப் பாத்தாங்க.

"சார், உங்க கூட வேற யாரயும் ஏத்த முடியாது. நீங்க, உங்க பொண்ணு, நான். அவ்ளோதான்."

"ஓவர்லோடுங்களா மேடம்? கொஞ்சம் தம் கட்டி இழுத்தா ஏறிடும். என் வண்டி அப்படித்தான் ஏறும்."

"இது ஏறாது சார். எறங்கிடும்."

நான் மெஷின விட்டு மெதுவா எறங்கிட்டேன்.

ஹால்ல ஒக்கார வச்சு படிப்பப் பத்தி சொன்னாங்க. மொதல்ல க்ளாசு. காத்து, மழ, மேகம், மேப்பு. அப்புறம் ரூமுக்குள்ளயே ஒக்காந்து பொம்ம ப்ளேன் ஓட்டணும். அப்புறம் நெசமான சின்ன ப்ளேனு. அது கை வந்தப்புறம் ரெண்டு இஞ்சினு. நடுவுல கண்ணு, காது, நெஞ்செல்லாம் டாக்டரு பாத்து சரின்னு சொல்லணும்.

"யாருக்காவது சந்தேகம் இருக்கா?"

நான் எழுந்தேன். கயலு சட்டையப் புடிச்சு இழுத்துச்சு. இருந்தாலும் எழுந்தேன்.

"மேடம், ஹாரன் எங்க இருக்கும்?"

"ஹாரன் கிடையாது சார்."

"அப்ப ரிவர்ஸு?"

"அதுவும் கிடையாது. பின்னாடி போகணும்னா எறங்கித் தள்ளணும்."

தள்ளுற வண்டியிலதான் நான் பொழைக்கிறேன். ஆனா அது தரையில தள்ளுறது.

மெதுவா வெளிய வந்துட்டேன்.

வெளிய ப்ளேனு தனியா நின்னுச்சு. இவ்ளோதானா! என் குட்டியானைக்கு றெக்க ஒட்டுனா இதவிடப் பெருசா இருக்கும். மூக்குல ஒரு ஃபேனு. சக்கரத்துக்கு முட்டுக்கட்டை குடுத்திருந்தாங்க. நல்ல பழக்கம், நான் செங்கல்லு குடுப்பேன்.

சுத்திப் பாத்தேன். ஆளு இல்ல. குறுக்க கட்டியிருந்த கயித்துக்கு அடியில குனிஞ்சு உள்ள போயி வேலைய ஆரம்பிச்சேன்.

மூக்குச் சக்கரத்துக்கு ஒரு பழம். பின்னாடி அந்தப் பக்கம் ஒண்ணு, இந்தப் பக்கம் ஒண்ணு.

சக்கரம் தீந்து போச்சு!

முன்னாடி ஒண்ணு, பின்னாடி ரெண்டு. ஏரோப்ளேனும் ஷேர் ஆட்டோவும் ஒரே வம்சம்னு அன்னிக்குத்தான் மக்களே தெரிஞ்சுது. கையில ஒரு பழம் மிச்சம். பையில போட்டேன். ஃபேனுக்கு ஒரு குங்குமப் பொட்டு வச்சு, கன்னத்துல போட்டுட்டு வந்துட்டேன்.

தொண்ட காஞ்சு போச்சு. கேன்டீன்ல போயி உப்புப் போட்டு ஒரு ஜூஸ் குடிச்சேன். குடிக்கும்போதும் கண்ணு ப்ளேன் மேலதான். என்ன பேசுனேன், யாருட்ட பேசுனேன், ஒண்ணும் நெனவுல இல்ல.

அப்புறம் எல்லாரும் வெளிய வந்தாங்க. மொத ரவுண்டு எங்களது. பறக்குறதுக்கு முன்னாடி மேடம் ப்ளேன சுத்தி வந்து ஒவ்வொண்ணாத் தொட்டுப் பாத்தாங்க. பெட்ரோலக் கூட ஒரு கண்ணாடிக் குப்பியில புடிச்சு, தண்ணி கலந்திருக்கான்னு வெயில்ல தூக்கிப் பாத்தாங்க. நான் பங்க்ல இப்படித் தூக்கிப் பாத்தா அடிக்க வருவாங்க.

ஃபேனுகிட்ட நின்னாங்க. பொட்டத் தொட்டாங்க. குனிஞ்சாங்க.

ஒரு பழம் எடுத்தாங்க. அந்தப் பக்கம் போயி ஒண்ணு. இந்தப் பக்கம் போயி ஒண்ணு. மூணயும் உள்ளங்கையில வச்சிட்டு நிமிந்தாங்க.

"இது யாரு வேல?"

என்ன மட்டும் பாத்துக் கேட்டாங்க. என் கையில குங்குமம்.

"வண்டிக்குப் பூச மேடம். நீங்களும்தான ஏறுறீங்க, உங்களுக்கும் சேத்துத்தான்."

"சார், சின்னக் கல்லு கெடந்தாலே இந்த ப்ரொப்பல்லர் இழுத்து வீசிடும். இங்க கீழ எதுவுமே கெடக்கக் கூடாது. தேங்கா எதாவது ஒடைச்சீங்களா?"

"இல்ல மேடம்."

"சத்தியமா?"

"அக்கா மறந்துட்டா மேடம்."

மேடம் மூச்சு விட்டாங்க. "சரி. மூணு பழம்தான?"

"மூணுதான்"னு சொல்ல வாயத் தொறந்தேன். அதுக்குள்ள கயலு முந்திக்கிச்சு.

"நாலு மேடம். அம்மா நாலு குடுத்தாங்க."

அடிப்பாவி! செக்போஸ்ட்டுல நான் மூட்டைய எப்பவும் கொறச்சுத்தான் சொல்லுவேன். எங்க வம்சத்துலேந்து இப்படி ஒரு புள்ள!

"நாலாவது எங்க சார்?"

பைய விரிச்சேன். குங்குமப் பொட்டலம் மட்டும் இருந்துச்சு. சட்டப் பை, பேண்ட்டுப் பை, எல்லாம் தொழாவுனேன். பழம் இல்ல.

"எங்க போச்சுன்னு தெரியல மேடம்."

"அப்ப அது கெடைக்கிற வரைக்கும் எந்த ப்ளேனும் ஸ்டார்ட் ஆகாது. வெயில் ஏறி காத்து அதிகமானா இன்னிக்குப் பறக்கறதே இல்ல."

கயலு என்னயப் பாத்துச்சு. பிஎஸ்சி மேத்ஸ் அந்தக் கண்ணுல அப்படியே தெரிஞ்சுது.

வந்திருந்த அம்மா, அப்பா, புள்ளைங்க, வாட்ச்மேன், எல்லாரயும் தோளோட தோளு வரிசையா நிக்க வச்சாங்க. தலையக் குனிஞ்சுட்டு அடிமேல அடி வச்சு நடக்கணும். கல்யாண வூட்ல கம்மல் தொலைஞ்சா தேடுவாங்கள்ல, அப்படி. மெக்கானிக்கு ஒருத்தரு இஞ்சின் மூடியத் தொறந்து டார்ச் அடிச்சாரு. சீட்டக் கழட்டுனாரு.

என் பக்கத்துல நடந்தவரு லெப்பைக்குடிக்காடுங்கிற ஊருலேந்து வந்த ஒரு பாய். மவனோட வந்திருந்தாரு.

"ஏன் தம்பி, எம்மவன் துபாய் வரைக்கும் ஓட்டுவான்னு கூட்டியாந்தேன். நீங்க ஒரு எலுமிச்சம்பழத்துல நிறுத்திட்டீங்களே!"

"பாய், நானும் தேடிட்டுத்தான இருக்கேன்."

"தேடுங்க, தேடுங்க. இன்ஷா அல்லா கெடைக்கும். மத்தியானம் பிரியாணி போடுறாங்களாம், அதுக்கு முன்னாடி கெடச்சா நல்லது."

ஒரு ஸ்க்ரூ கெடச்சுது. பேனா மூடி கெடச்சுது. மெக்கானிக்கோட ஸ்கூட்டர் சாவி கெடச்சுது, அவரு என் கையப் புடிச்சுக் குலுக்குனாரு. பழம் மட்டும் இல்ல.

எனக்கு நெஞ்செல்லாம் புளிச்சுப் புளிச்சு ஏப்பம் வந்துச்சு. பயத்துல பித்தம் ஏறிடுச்சுன்னு நெனச்சேன்.

கயலு பக்கத்துல வந்துச்சு. "மாமா, நல்லா யோசி. கடைசியா எங்க வச்ச?"

"பையிலதான் வச்சேன் புள்ள. காளியே திரும்ப எடுத்துக்கிட்டாளோ என்னமோ!"

அப்பதான் கேன்டீன்காரரு எல்லாருக்கும் டீ எடுத்துட்டு வந்தாரு. "என்னங்க, எல்லாரும் தரையப் பாத்துட்டே நடக்குறீங்க?"

"எலுமிச்சம்பழம் தேடுறோம்"னாரு பாய்.

கேன்டீன்காரரு தட்டக் கீழ எறக்காம, தாடையால என்னயக் காட்டுனாரு.

"அத இவருதான குடிச்சாரு?"

மொத்த வரிசையும் திரும்புச்சு.

"'கடையில பழம் இல்லண்ணே'ன்னு சொன்னேன். 'நம்மகிட்ட இருக்கு, புழி'ன்னு பையிலேந்து எடுத்துக் குடுத்தாரு. மேல குங்குமம் இருந்துச்சு. கழுவிட்டுத்தான் புழிஞ்சேன் மேடம்."

எனக்குச் சத்தியமா நெனவில்ல. ஆனா அந்த நேரம் பாத்து ஒரு ஏப்பம் வந்துச்சு. அது எனக்கு எதிரா சாட்சி சொல்லிருச்சு.

மேடம் சிரிக்கல. "தோலு எங்க?"

குப்பக்கூடையிலேந்து ரெண்டு மூடியும் வந்துச்சு. ரெண்டயும் ஒண்ணோட ஒண்ணு பொருத்திப் பாத்தாங்க. சரியா உக்காந்துச்சு.

"சரி. சீட்ட மாட்டுங்க."

அப்புறம் கயலுகிட்டத் திரும்புனாங்க. "நீ மூணுன்னு சொல்லிருந்தா இந்நேரம் பறந்துட்டு எறங்கிருப்ப. தெரியும்ல?"

"தெரியும் மேடம். ஆனா நாலாவது எங்கன்னு தெரியாம எப்படிப் பறக்குறது?"

மேடம் முன்னாடி சீட்டக் காட்டுனாங்க. "ஏறு."

பின்னாடி சீட்டுல என்னயத் திணிச்சு பெல்ட்டு போட்டாங்க. தப்பிக்கலாம்னு கடைசியா ஒரு தடவ கேட்டேன். "மேடம், காத்து அதிகமாயிருச்சுங்களா?"

"இல்ல சார். உங்க அதிர்ஷ்டம்."

ஃபேனு சுத்துச்சு. ஓடுச்சு. தரை கழண்டுச்சு. நான் கண்ண மூடி, காலு ரெண்டையும் இல்லாத பிரேக்குல அழுத்திட்டு ஒக்காந்திருந்தேன்.

கொஞ்ச நேரம் கழிச்சு ஹெட்போன்ல கயலு குரலு. "மாமா, கண்ணத் தொற. நாந்தான் புடிச்சிருக்கேன்."

தொறந்தேன். மேடம் ரெண்டு கையயும் மடியில வச்சிட்டு ஒக்காந்திருக்காங்க. ஸ்டியரிங்கு கயலு கையில! கீழ ஹைவேஸ்ல லாரியெல்லாம் தீப்பெட்டி மாதிரி ஊறுது. புள்ள மொகத்தப் பாத்தேன். அக்கா மொத மொதல்ல என் கையில குடுத்தப்ப கூட அது அவ்ளோ சிரிக்கல.

சரி, போதும்னு திரும்பக் கண்ண மூடிக்கிட்டேன்.

எறங்கி காலு தரையில பட்டதும் அக்காவுக்குப் போன் போட்டேன்.

"உசுரோட இருக்கியாடா?"

"இருக்கேன்க்கா."

"வண்டி எப்படி?"

"நல்ல வண்டிக்கா. ஒரு சின்னப் பொருளு காணலன்னாலும் இஞ்சின் மூடியவே தொறந்து பாக்குறாங்க. உம் மவ நல்லா ஓட்டுறா."

"பழம் வச்சியா? நசுங்குச்சா?"

கயலு கையக் கட்டிக்கிட்டு என்னயே பாத்துட்டு நின்னுச்சு. புள்ள பக்கத்துல இருக்கும்போது கணக்கக் கொறச்சுச் சொல்ல வாய் வரல.

"மூணு நசுங்கலக்கா. எடுத்துட்டாங்க. ஆனா நாலாவது நல்லா நசுங்குச்சு. ஒரு சொட்டு சாறு வீணாகல."

எனக்கு மறுபடியும் ஏப்பம் வந்துச்சு.

"ஒண்ணு நசுங்குனாலும் ஆத்தா ஏத்துக்கிட்டான்னுதான் அர்த்தம். படிக்கட்டும் போ."

புள்ள அங்கயேதான் இப்ப படிக்கிது. நான் அப்பப்ப பாக்கப் போவேன்.

கேட்டுல மத்தவங்க பையத்தான் வாட்ச்மேன் தொறந்து பாப்பாரு. என்னய மட்டும் ஊதச் சொல்லி, எலுமிச்சம்பழ வாசம் வருதான்னு பாத்துட்டு உள்ள விடுறாரு.